அந்தோணி ஜான்சனின் 250 ஏக்கர்

அமெரிக்க அடிமைமுறை பற்றி இணையத்தில் எங்கே விவாதம் நடந்தாலும், யாராவது ஒருவர் வந்து இந்த வரியைப் போட்டுவிட்டுப் போவார்: "அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளியே ஒரு கறுப்பர்தான், தெரியுமா?" அவர்கள் சொல்லும் ஆள் அந்தோணி ஜான்சன். 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவில் சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி. அந்த வரி எவ்வளவு தூரம் சரி என்று பார்க்கத்தான் இவருடைய குடும்பக் கதைக்குள் போனேன். உள்ளே போனபின், அந்த ஒற்றை வரியைவிடப் பெரிய கேள்வி ஒன்று கிடைத்தது. ஒரு குடும்பம் ஏன் ஆவணத்தில் தெரிகிறது, ஏன் ஒருநாள் காணாமல் போகிறது என்பதுதான் அது.

முதல் தடயம் 1625இல் எடுத்த மஸ்டர் ரோல். வர்ஜீனியாவில் அன்று உயிரோடு இருந்தவர்களின் பெயர், வந்த கப்பல், வந்த வருடம் எல்லாம் அதில் உண்டு. எட்வர்ட் பென்னட் என்பவரின் புகையிலைத் தோட்டத்துப் பட்டியலில் "அந்தோனியோ" என்று ஒரு ஆப்பிரிக்கர் இருக்கிறார். 1621இல் 'ஜேம்ஸ்' கப்பலில் வந்தவர். அதே பட்டியலில் மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணும் இருக்கிறார், 1622இல் 'மார்கரெட் அண்ட் ஜான்' கப்பலில் வந்தவர். 1622 மார்ச் 22 அன்று பவ்ஹாட்டன் பழங்குடியினர் ஆங்கிலேயக் குடியிருப்புகளைத் தாக்கியபோது இந்தத் தோட்டத்தில் மட்டும் 52 பேர் செத்தார்கள். தப்பிய சிலரில் அந்தோனியோவும் ஒருவர்.

இதற்குப் பிறகு ஒரு பெரிய இடைவெளி. 1640களில் கிழக்குக் கரையில், நார்தாம்ப்டன் கவுண்டியில், அந்தோணி ஜான்சன் என்ற பெயரும் மேரி என்ற மனைவியும் தென்படுகிறார்கள். அந்தோனியோதான் அந்தோணி ஜான்சன் என்று எந்த ஆவணமும் நேராகச் சொல்வதில்லை. பெயர், மனைவி பெயர், காலம் மூன்றும் பொருந்துவதை வைத்து வரலாற்றாசிரியர்கள் கட்டிய பாலம் இது. பிரைமரி கீ இல்லாத இரண்டு டேபிளை இணைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலுக்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 1645இல் அதே கவுண்டியில் அந்தோணி என்ற ஒரு கறுப்பர், சோளத்தைப் பங்கு பிரித்தாகிவிட்டது, இனி எனக்கு எது சொந்தம் என்று எனக்குத் தெரியும் என்று மகிழ்ச்சியோடு சொன்னது பதிவாகியிருக்கிறது. டி. எச். பிரீன், ஸ்டீபன் இன்னஸ் இருவரும் 1980இல் இந்தச் சமூகத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பே அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். இணையத்தில் பலர் இதை ஜான்சன் சொன்னதாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பதிவில் ஜான்சன் என்ற பெயர் இல்லை, அந்தோணி மட்டும்தான். அதே வட்டாரத்தில் வேறு அந்தோணிகளும் இருந்தார்கள்.

உறுதியான தரை 1651இல் கிடைக்கிறது. அந்த வருடம் ஜான்சனுக்கு 250 ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. அன்றைய வர்ஜீனியாவில் நிலம் கிடைத்த முறை விசித்திரமானது. காலனிக்கு ஒரு ஆளைக் கப்பல் செலவு கொடுத்துக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர். ஐந்து தலை, 250 ஏக்கர். இந்தத் தலைக் கணக்குச் சான்றிதழ்களைக் கடலை மிட்டாய் மாதிரி வாங்கி விற்றார்கள். அதனால் பட்டாவில் ஐந்து பெயர் இருக்கிறது என்பதற்காக, அந்த ஐந்து பேரையும் ஜான்சனே கொண்டுவந்தார் என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டியலில் ரிச்சர்ட் ஜான்சன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அவருடைய மகன் பெயரும் அதுதான்! 1652இல் இன்னொரு மகன் ஜானுக்கு 550 ஏக்கர், 1654இல் ரிச்சர்டுக்கு 100 ஏக்கர். மூன்று பட்டாவையும் கூட்டினால் 900 ஏக்கர்.

1653இல் பண்ணையில் தீ விபத்து. நஷ்டம் தாங்காமல் நீதிமன்றத்தில் மனு போடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே உழைத்தவர்கள் என்று நீதிமன்றம் அவர்களை மதித்து, மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுளுக்கும் தலைவரி விலக்கு கொடுத்தது. இது சாதாரணச் சலுகை இல்லை. 1643ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆப்பிரிக்கப் பெண்களுக்குத் தலைவரி உண்டு, ஆங்கிலேயப் பெண்களுக்குக் கிடையாது. அந்த ஒரு உத்தரவால் வரி விஷயத்தில் மேரி ஆங்கிலேயப் பெண்களுக்குச் சமமாகிவிட்டார்.

இனி ஜான் கேசர் வழக்கு. ஜான்சனின் பண்ணையில் வேலை செய்த கறுப்பர் கேசர். "ஏழெட்டு வருட ஒப்பந்தத்தில் வந்தேன், அதற்கு மேலும் ஏழு வருடம் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்" என்பது அவர் வாதம். பக்கத்து நிலக்காரர் ராபர்ட் பார்க்கர் கேசருக்கு ஆதரவாக நின்றார். ஜான்சனின் மனைவி, மகன்கள், மருமகன் எல்லோரும் விட்டுவிடச் சொல்ல, ஜான்சனும் முதலில் விட்டுவிட்டார். பிறகு மனம் மாறி வழக்குப் போட்டார். 1655 மார்ச் 8 அன்று நீதிமன்றம் கேசரை ஜான்சனிடமே திருப்பி அனுப்பியது.

இந்தத் தீர்ப்புக்கு இணையத்தில் சில இடங்களில் 1654 என்றும் சில இடங்களில் 1655 என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான். 1752 வரை ஆங்கிலேயக் கணக்கில் புது வருடம் மார்ச் 25இல் பிறந்தது. அதனால் மார்ச் 8 அவர்களுக்குப் பழைய வருடம். அந்தக் கால ஆவணம் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, "முதல் அடிமை முதலாளி"? 1640லேயே ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர் இரண்டு வெள்ளைக்காரத் தொழிலாளிகளோடு எஜமானிடமிருந்து ஓடிப்போய்ப் பிடிபட்டார். அந்த இருவருக்கும் கூடுதலாகச் சில வருடம் வேலை. பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க அடிமைத்தனம். கேசர் வழக்குக்கு 15 வருடம் முந்தைய தீர்ப்பு இது, அவருடைய எஜமான் வெள்ளையர். ஆக அந்த வரி தப்பு. ஆனால் அதற்காக ஜான்சனைப் புனிதராக்கவும் முடியாது. தானே கட்டாய உழைப்பில் வந்தவர், இன்னொரு கறுப்பரை விடுவிக்க மறுத்தார். ஆவணம் இரண்டையும்தான் சொல்கிறது, நமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள அது இடம் தரவில்லை.

1665 வாக்கில் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குப் போகிறது. 250இல் 200 ஏக்கரை விற்றுவிட்டு, மீதி 50ஐ மகன் ரிச்சர்டுக்கு விட்டார்கள். மேரிலாந்தின் சாமர்செட் கவுண்டியில் 300 ஏக்கர் குத்தகை. கேசரும் கூடவே போனார். இதற்கு நடுவே வர்ஜீனியாவில் காற்று மாறிக்கொண்டிருந்தது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று 1662இல் சட்டம். ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்று 1667இல் இன்னொரு சட்டம்.

1670இல் அந்தோணி இறந்தார். அதே வருடம் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி, அவர் கறுப்பர், ஆகவே அந்நியர், ஆகவே அந்த 50 ஏக்கர் அரசுக்குச் சேரும் என்று முடிவு செய்தது. 1653இல் "முப்பது வருடமாக இங்கே வாழ்கிறவர்" என்று ஒரு நீதிமன்றம் மதித்த அதே மனிதரை, 17 வருடத்தில் அந்நியர் ஆக்கிவிட்டார்கள். இடையில் மாறியது ஜான்சன் இல்லை, சட்டம்.

1677இல் பேரன் ஜான், மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கினார். அந்த நிலத்துக்கு அவர் வைத்த பெயர் அங்கோலா. தாத்தாவின் ஊரை நேரடியாகச் சொல்லும் ஆவணம் இல்லை. 56 வருடம் கழித்துப் பேரன் ஒரு சின்ன நிலத்துக்கு வைத்த பெயரிலிருந்துதான் அதை ஊகிக்க முடிகிறது. அந்தப் பேரன் 1706இல் வாரிசு இல்லாமல் இறந்தார். அதற்குப் பிறகு சில வருடங்களில் ஜான்சன் குடும்பமே பதிவேட்டிலிருந்து மறைந்துவிடுகிறது.

மறைந்தது என்றால் அழிந்தது என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன தடயங்களை வரிசையாகப் பாருங்கள்: மஸ்டர் ரோல், பட்டா, வரி விலக்கு, வழக்கு, குத்தகை, பறிமுதல், கிரயம். மஸ்டர் ரோலைத் தவிர மற்றதெல்லாம் சொத்தைச் சுற்றி எழுதிய காகிதம். நிலம் இருந்தவரைக்கும் எழுத்தர்களுக்கு இவர்கள் பெயர் தேவைப்பட்டது. நிலம் போனதும் தேவை போய்விட்டது. வரி உத்தரவில்கூட மேரியின் மகள்கள் வெறும் "இரண்டு மகள்கள்"தான்.

ஜான்சன் பெயரை நாம் பேசுவதற்குக் காரணம் அவருக்குப் பட்டா இருந்ததுதான். அதே கரையில் அதே புகையிலையை நட்ட, பட்டா இல்லாத ஆப்பிரிக்கர்கள் பட்டியலில் ஒரு முதற்பெயராகவோ, பெயரே இல்லாத ஓர் எண்ணாகவோதான் மிஞ்சியிருக்கிறார்கள். கேசரின் குரல்கூட நமக்குக் கேட்பது, ஜான்சன் தன் சொத்து என்று சொல்லி வழக்குப் போட்டதால்தான்.