ஏலக்காய் ஸ்டோர்: பெரிய புகைக்குழாய் மாற்றும்போது சுவர்த் துளையை அகலப்படுத்துவது எப்படி?

விறகு அடுப்பில் இயங்கும் ஏலக்காய் ஸ்டோர்களில், அடுப்பிலிருந்து வரும் இரும்புப் புகைக்குழாய் அறைக்குள் ஓடி, சுவர் வழியாக வெளியேறி, புகைபோக்கியில் சேரும். குழாயின் சூடு 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அறையில் தந்து காயை உலர்த்துகிறது. புகை மட்டும் அறைக்குள் வரக்கூடாது. வந்தால் காயின் பச்சை நிறமும் மணமும் கெட்டு, போடிநாயக்கனூர், புற்றடி ஏலத்தில் விலை இறங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு வாயு. நிறமோ மணமோ இல்லாத இது ஆளையே கொன்றுவிடும்.

துருப்பிடித்த குழாயை மாற்றும்போது பலர் சற்றுப் பெரிய குழாய் போடுகிறார்கள். அப்போது பழைய சுவர்த் துளை போதாது. இந்த வேலையைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்துக்கொண்டால், பூச்சு காயவும் அவகாசம் கிடைக்கும்.

குழாயைச் சுருக்கக்கூடாது

துளை சிறிதாக இருக்கிறது என்று, சுவருக்குள் மட்டும் குழாயைச் சுருக்கிச் செருகுவது தவறு. 6 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். 8 அங்குலக் குழாயில் அது 50. நடுவில் சுருக்கினால் புகை இழுபடாமல் அடுப்புப் பக்கமும் அறைக்குள்ளும் திரும்பும். வெளியே உள்ள புகைபோக்கியும் குழாயைவிடக் குறுகலாக இருக்கக்கூடாது. அதேபோல, அடுப்பின் புகைவாய்க்குத் தேவையானதைவிடப் பெரிய குழாய் போட்டால் புகை குளிர்ந்து தார் படியும்.

துளை எவ்வளவு வேண்டும்?

குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 அங்குல இடைவெளி வேண்டும். 8 அங்குலக் குழாய்க்கு 10 அங்குலத் துளை. சூட்டில் இரும்பு விரியும் என்பதே காரணம். 10 அடி நீளக் குழாயின் சூடு 200 டிகிரி கூடினால் அது சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். சிமென்ட் வைத்து இறுக்கிவிட்டால் சுவர் வெடிக்கும், அல்லது குழாயின் இணைப்பு பிரியும். சுவரில் மரச்சட்டமோ பலகையோ இருந்தால், குழாயிலிருந்து குறைந்தது 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும்.

செய்முறை

1. அடுப்பை அணைத்து ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள். பழைய குழாயைக் கழற்றி, படிந்த புகைக்கரியை அகற்றுங்கள். அதுவும் தீப்பிடிக்கும்.

2. பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயாக இருந்தால் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். நனைத்து, முழுதாகவே எடுங்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

3. மெயின் சுவிட்சை அணைத்து, சுவரில் ஒயர் போகிறதா, மேலே உத்திரமோ லிண்டலோ இருக்கிறதா என்று பாருங்கள். உத்திரமோ லிண்டலோ இருந்தால் அதை வெட்டாமல், துளையின் இடத்தை மாற்றுங்கள்.

4. புதிய குழாயை அதன் வழியில் தாங்கி வைத்து மையத்தைக் குறியுங்கள். புகைபோக்கியை நோக்கி ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் ஏற்றம் வேண்டும். பழைய துளையின் மையத்தையே நம்பினால் ஏற்றம் தவறிவிடும்.

5. வட்டம் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக டிரில் போடுங்கள். பிறகு உளியால் பாதியை உள்ளிருந்தும் மீதியை வெளியிலிருந்தும் எடுங்கள். ஒரே பக்கமிருந்து அடித்தால் மறுபக்கம் பெயர்ந்து விழும். முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம்.

6. மண்சாந்துக் கல்சுவரிலும் பழைய செங்கல் சுவரிலும் மேலே உள்ள கல் சரியக்கூடும். அங்கே முட்டுக் கொடுத்து, துளையைச் சதுரமாக வெட்டி, மேலே கல் பலகையோ கான்கிரீட் லிண்டலோ வையுங்கள். அது இருபுறமும் 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும்.

7. துளையில் 10 அங்குல விட்டமுள்ள இரும்புத் தகட்டு வளையத்தைப் பதித்துச் சுற்றிலும் பூசுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். அதிகச் சூட்டில் அதன் பூச்சு நச்சுப்புகை விடும். பூச்சு ஒரு வாரம் காயட்டும்.

8. குழாயை வளையத்துக்குள் நுழையுங்கள். சுவருக்குள் குழாயின் இணைப்பு வரக்கூடாது. இடைவெளியில் ராக் வூல் அல்லது செராமிக் கயிறு திணியுங்கள். வைக்கோல், தெர்மாகோல், பழைய துணி வேண்டாம். வெளிப்பக்கம் மழை புகாமல் தகட்டு மூடி போடுங்கள்.

சோதனை

புகைபோக்கி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி உயரமும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரமும் இருக்க வேண்டும். முதலில் காய் இல்லாமல் சிறு தீ மூட்டி, ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். அறைக்குள் கரியோ புகைநாற்றமோ தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். சரிசெய்த பிறகே காயை ஏற்றுங்கள்.

ஸ்டோர் அறைக்குள் யாரும் படுத்து உறங்கக்கூடாது. தலைவலி, மயக்கம், வாந்தி தோன்றினால் அடுப்பு வேலையை விட்டுவிட்டு, எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.