மரக்கோல் புகட்டிய பாடம்

தெரிந்தவர் ஒருவர், "இதனால் எனக்குக் குணமாயிற்று" என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறோம். பலரைச் சோதித்துப் பெற்ற முடிவோ நம் மனத்தில் அவ்வளவு எளிதில் பதிவதில்லை. இவ்வியல்பு புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் கனெக்டிகட்டைச் சேர்ந்த எலிஷா பெர்கின்ஸ் என்ற மருத்துவர், 1796ஆம் ஆண்டில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ மூன்று அங்குல நீளமுள்ள இரண்டு உலோகக் கோல்களே அக்கருவி. 'டிராக்டர்', அதாவது 'இழுப்பான்' என்பது அதன் பெயர். வலியுள்ள இடத்தில் இக்கோல்களால் தடவினால், வலிக்குக் காரணமான மின்பாய்மம் உடலிலிருந்து இழுக்கப்பட்டுவிடும் என்றார் அவர். அவருடைய மகன் பெஞ்சமின், லண்டனில் ஓர் இணைக் கோலை ஐந்து கினிக்கு விற்றார். குணமடைந்தோரின் நற்சான்றுகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். கற்றறிந்த பேராசிரியர்களும் சமய குருமார்களும்கூடச் சான்று அளித்தனர்.

இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த ஜான் ஹேகார்த் என்ற மருத்துவர், 1799இல் இதனைச் சோதித்தார். உலோகம் போலத் தோன்றுமாறு வண்ணம் பூசிய மரக்கோல்களால் ஐந்து வாதநோயாளிகளைத் தடவச் செய்தார். அவர்களுள் நால்வர், வலி குறைந்தது என்றனர்! மறுநாள் உண்மையான உலோகக் கோல்களைப் பயன்படுத்தியபோதும் ஏறக்குறைய அதே பலன்தான் கிடைத்தது.

அப்படியானால் சான்று எழுதியோர் பொய்யர்களா? இல்லை. அவர்கள் உணர்ந்த நிவாரணம் உண்மையே. அதற்குக் கூறிய காரணம்தான் தவறு. குணமாகும் என்ற எதிர்பார்ப்பே வலியுணர்வைக் குறைக்கக்கூடும். மேலும், வாதவலி ஏறி இறங்கும் தன்மையது. வலி மிகும்போதே மருத்துவத்தை நாடுகிறோம்; பின்னர் அது தானே தணிந்தாலும் புகழ் மருத்துவத்தையே சேர்கிறது. குணமடையாதோர் நற்சான்று எழுதுவதும் இல்லை.

ஹேகார்த் தம் முடிவுகளை 1800இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் 1804இல் லண்டனில் பெர்கின்ஸ் முறைக்கென ஒரு மருத்துவ நிலையமே தொடங்கப்பட்டது. "குழந்தைகளும் குதிரைகளும் குணமடைகின்றனவே, அவற்றுக்குக் கற்பனை உண்டா?" என்பது பெர்கின்ஸ் தரப்பினர் எழுப்பிய வினா. குழந்தையின் நிலையைப் பார்த்துச் சொல்பவரும் நம்பிக்கை கொண்ட மனிதரே என்பதை அவர்கள் எண்ணவில்லை.

எலிஷாவும் தம் அனுபவத்தை முழுமையாக நம்பியவரே. 1799இல், தாம் உருவாக்கிய வேறொரு மருந்துடன், மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்த நியூயார்க் நகருக்குச் சென்றார், அந்நோய்க்கே பலியானார். வலி நம்பிக்கைக்குச் சற்றே இணங்கும். மஞ்சள் காய்ச்சல் இணங்குவதில்லை.

ஆகவே, "குணமாயிற்று" என்று ஒருவர் கூறும்போது, அவரை ஐயுற வேண்டியதில்லை. "மரக்கோலால் தடவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுப் பார்த்தால் போதும்.