மகால் பார்க்க வந்தவர்கள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே, நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது திருமலை நாயக்கர் மகால். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இதை 1636இல் கட்டினார். டி. கல்லுப்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்று மதுரைச் சுற்றுலா என்றால் கோயிலும் மகாலும் காந்தி மியூசியமும்தான். ஆனால் மகால் எல்லாரும் சும்மா வந்து பார்த்துப் போகிற இடமாகி அரை நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கு முன் அது அரண்மனையாக இருந்தது, பட்டாளம் தங்கும் கொட்டடியாக இருந்தது, நெடுங்காலம் கோர்ட்டாக இருந்தது.

கட்டடத்தின் பலம் செங்கல்லும் சுண்ணாம்பும். அரியணை மண்டபமான சொர்க்க விலாசத்தின் குவிமாடமும் அதைச் சுற்றிய வளைவுகளும் மர உத்தரமோ இரும்போ இல்லாமல் செங்கல்லும் காரையும் மட்டுமே கொண்டு நிற்கின்றன. தூண்களைப் பார்த்தால் பளிங்கு போலத் தோன்றும். மேலே பூசியிருப்பது முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புதான். அந்த வழவழப்பு கொத்தனாரின் கைத்தேய்ப்பில் வந்தது. தூணின் தலைப்பில் சுதையால் செய்த யாளிகள் தமிழ்நாட்டுக் கோயில் மரபைச் சேர்ந்தவை. இதழ் இதழாக மடிந்த வளைவுகள் இஸ்லாமியக் கட்டடக்கலையிலிருந்து வந்தவை. இரண்டையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்ததுதான் இங்கு வேலை செய்தவர்களின் பெரிய சாதனை.

இப்போது காண்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மற்றதை இடித்தது பகைவன் அல்ல, திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர். தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய அவர், அங்கே தமக்கு அரண்மனை கட்ட இங்கிருந்த வேலைப்பாடான பகுதிகளைப் பெயர்த்துக் கொண்டுபோனார். மதுரைக்கு இதைவிடப் பெரிய நஷ்டத்தை வேறு எந்த அரசரும் செய்ததாகச் சொல்ல முடியாது. நாயக்கர் ஆட்சி முடிந்த பிறகு மிச்சமிருந்த மண்டபங்களும் கவனிப்பாரின்றிச் சிதைந்தன.

அந்த இடிபாட்டைப் பார்த்து வரைந்தவர்கள் ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும். 1792இல் தென்னாட்டைச் சுற்றிய இவர்கள், மகாலின் உடைந்த வளைவுகளை வரைந்து லண்டனில் அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி பெரிய கேமராவுடன் வந்து கோயிலையும் மகாலையும் படம்பிடித்தார். பழுதுபார்ப்பதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்று அறிய இன்று கையில் உள்ள நல்ல சான்றுகள் இவர்களுடைய படங்களே.

1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு மகாலைச் செப்பனிட உத்தரவிட்டார். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸ்ஹோம் அந்த வேலையைக் கவனித்தார். கட்டடத்தின் அழகும் ஒரு காரணம்தான். மாவட்டக் கோர்ட்டுகளை நடத்தப் பெரிய இடம் தேவைப்பட்டது இன்னொரு காரணம். இடிந்து விழாமல் மகால் தப்பியதற்கு அந்தத் தேவைக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. கையேடு வைத்துக்கொண்டு ஊர் பார்க்கும் வெள்ளைக்காரப் பயணிகள் அதன்பின் பெருகினார்கள்.

சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் அப்படி வரவில்லை. டி. கல்லுப்பட்டி மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. மானாவாரி நிலங்கள் சூழ்ந்த அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் கட்டடம் பார்க்க என்று மதுரைக்குப் புறப்பட்டதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போவார்கள். கொலை வழக்கு, பெரிய சொத்து வழக்கு, அப்பீல் என்றால் மாவட்டக் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். அப்படிப் போனவர்களுக்கு மகால் என்றால் வக்கீலும் குமாஸ்தாவும் வாய்தாவும்தான். தூணின் அழகைப் பார்க்கிற மனநிலையில் அங்கே வந்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

கோயிலின் கதை வேறு. தாழ்த்தப்பட்டவர்களுக்கும் நாடார்களுக்கும் அதன் கோபுரம் வெளியே நின்று பார்க்க மட்டுமே உரியதாக வைக்கப்பட்டிருந்தது. 1939 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர், அப்படித் தடுக்கப்பட்டிருந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். எல்லாருக்கும் திறக்காத கோயிலுக்குள் போக மாட்டேன் என்றிருந்த காந்தி 1946இல்தான் மீனாட்சியம்மனைத் தரிசித்தார். மதுரையின் கட்டடங்களை யார் யார் பார்க்க முடிந்தது என்று எழுதும் எந்த வரலாற்றிலும் 1939க்கே முதலிடம் தர வேண்டும். நுழைய உரிமை இல்லாதவருக்குச் சுற்றுலா என்ற பேச்சே இல்லை.

அந்த மாற்றத்தின் காற்று டி. கல்லுப்பட்டியிலும் வீசியது. 1940இல் கோ. வேங்கடாசலபதி அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கினார். பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது அங்கேதான். மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை, கலெக்டர்களின் குடியிருப்பாக இருந்த காலம் போய், காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆனது. 1959 ஏப்ரல் 15ஆம் தேதி நேரு அதைத் திறந்துவைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த ஆடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஓர் அரண்மனை யார் வேண்டுமானாலும் உள்ளே போகும் இடமாக மதுரையில் மாறியது மகாலுக்கு முன்பே தமுக்கத்தில்தான்.

மகாலிலிருந்து கோர்ட்டுகள் 1970இல் வெளியேறின. அதன்பின் மாநிலத் தொல்லியல் துறை கட்டடத்தை ஏற்றது. ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்த 1981இல் ஒலி ஒளிக் காட்சி தொடங்கியது. முற்றத்தில் நாற்காலி போட்டு, இருட்டியதும் தூண்களில் வண்ண விளக்குப் பாய்ச்சிச் சிலப்பதிகாரக் கதையையும் திருமலை நாயக்கர் கதையையும் சொன்னார்கள். பாண்டியன் நீதி தவறிய கதை ஒலித்த அந்த இடத்தில் பத்தாண்டு முன்புவரை நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது கேட்டவர் பலருக்குத் தெரிந்தே இருக்கும். 1995இல் வெளிவந்த ‘பம்பாய்’ படத்தின் ‘கண்ணாளனே’ பாட்டு இங்கே படமாக்கப்பட்டது. அந்தத் தூண்களைத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கூட்டம் கூடியதில் சேதமும் உண்டு. கைக்கெட்டும் உயரம்வரை தூண்களில் பெயர்களைக் கீறிவைத்திருக்கிறார்கள். சிமென்ட்டால் அதை மூட முடியாது. பழைய முறையில் சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, அரைத்துப் பூச வேண்டும். ஒரு நிமிடத்தில் ஆணியால் கீறுவதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் வேலை இருக்கிறது.

மகாலைப் பார்த்தவர் பலர் பத்துத்தூணைப் பார்ப்பதில்லை. விளக்குத்தூணுக்கு அருகே, ஜவுளிக்கடைகள் நெருங்கிய சந்தில் நிற்கும் அந்தப் பத்துக் கல்தூண்கள் பழைய அரண்மனையின் மிச்சம். மகாலின் வாசலில் தொடங்கி அதுவரை நடந்தால் திருமலை நாயக்கர் கட்டியதன் முழு அளவு காலுக்குத் தெரியும். துணி எடுக்க வரும் கல்லுப்பட்டிக்காரர்கள் அந்தத் தூண்களைக் கடந்துதான் கடைக்குள் போகிறார்கள்.