யூனியன்வில்லில் ஒரு இரவு தங்க இடம்

போன ஆடி மாதம் ஹம்பேர்க்கிலிருந்து தம்பியின் மகள் வந்திருந்தாள். வந்து இறங்கிய அன்றைக்கே கேட்டாள்: "பெரியப்பா, யூனியன்வில்லிலை இருக்கிற அந்தப் பழைய ஹோட்டலிலை ஒரு இரவு தங்கலாமோ?"

எந்த ஹோட்டல் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கதை வெளியில் வந்தது. 'கில்மோர் கேர்ள்ஸ்' என்றொரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராம். ஒரு சின்ன ஊர், அங்கே பழைய விடுதி ஒன்றை நடத்துகிற தாய், அவளுடைய மகள். 2000ஆம் ஆண்டில் ஒளிபரப்பான அதன் முதலாவது அங்கத்தில் வரும் தெருக்காட்சிகள் எங்கட யூனியன்வில் மெயின் வீதியில் எடுக்கப்பட்டவை. அதற்குப் பிறகு எல்லாம் கலிபோர்னியாவில் ஸ்ரூடியோ வளவுக்குள்தான். பிள்ளை தெருவைக் கண்டவுடன் விடுதியும் அங்கேதான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

"ஹோட்டல் இருந்தது பிள்ளை. இப்ப இல்லை" என்றேன். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மெயின் வீதியில் குயின்ஸ் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. இன்றைக்கு அந்தத் தெருவில் சாப்பிடலாம், ஐஸ்கிறீம் வாங்கலாம். பழைய ஹோட்டலிலே படுக்க முடியாது. அவளுக்கு முகம் விழுந்து போச்சு.

ஆனால் அவள் கேட்ட கேள்வியால் எனக்கு ஒரு வேலை வந்தது. இந்தச் சின்னத் தெருவில் ஹோட்டல் ஏன் இருந்தது? யார் வந்து தங்கினார்கள்? மார்க்கம் நூலகத்தில் சில நாட்கள் இருந்து வாசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காலத்து ஒன்ராறியோவில் சாராயம் விற்கிற லைசன்ஸ் வேண்டுமென்றால் வழிப்போக்கருக்குக் கட்டிலும், குதிரைகளுக்கு லாயமும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே எல்லாத் தவறணையும் ஒரு விடுதி. தானியம் அரைக்க வந்த கமக்காரர், வியாபாரிகள், வேலை தேடி அலைந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் கூரை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே கட்டிலில் படுப்பதும் சாதாரணம். யூனியன்வில்லுக்கு ஆட்களை இழுத்தது ஆலை. 1840களின் தொடக்கத்தில் ஐரா வைற் என்பவர் றூஜ் ஆற்றில் ஒரு மாவாலையைப் போட்டு 'யூனியன் மில்ஸ்' என்று பெயர் வைத்தார். 1841இல் மேல் கனடாவும் கீழ்க் கனடாவும் ஒன்றாக்கப்பட்ட காலம் அது. ஆலையின் பெயர் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 1871இல் ரொறன்ரோ-நிப்பிசிங் புகையிரதம் வந்தது. மூன்றடி ஆறங்குலம் அகலமான சின்னப் பாதை. வட அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முதலாவது குறுகிய பாதை என்று சொல்வார்கள். அகலமாக்கிய பிறகு அதே தடத்தில்தான் இன்று கென்னடி, அஜின்கோர்ட், மில்லிக்கன் என்று எங்கட சனம் ஏறி இறங்கும் கோ ரயில் ஓடுகிறது. பழைய ஸ்ரேசன் கட்டிடம் இன்னும் நிற்கிறது.

பிறகு 1916 முதல் 1927 வரை ஒன்ராறியோவில் மதுவிலக்கு. குடி விற்றுத்தான் கட்டில் போட்ட ஹோட்டல்களுக்கு அதோடு முதுகு முறிந்தது. காரும் வந்துவிட்டது, ரொறன்ரோவுக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாம்.

இதைச் சொல்ல, பிள்ளை கேட்டாள்: "எங்கட ஊரிலை ஹோட்டல் இருக்கேல்லையோ?" எங்களுக்கு மடம் இருந்தது. நான் பருத்தித்துறையான். தும்பளை வீதியில் தெருமூடிமடம் என்று ஒன்று உண்டு, வாசகர்களில் பலர் அதனூடாகச் சைக்கிள் ஓடியிருப்பீர்கள். பெயரைப் போலவேதான்: தெருவுக்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் கல்தூண்கள், உயர்ந்த திண்ணைகள், நடுவாலே வீதி போகும். தங்குகிறவன் விடுதியைத் தேடிப் போகத் தேவையில்லை. நடந்து போனால் விடுதிக்குள்ளேதான் நிற்பான். காசும் இல்லை, பெயர் கேட்பாரும் இல்லை. இந்த விஷயத்தில் எங்கட ஆட்கள் வெள்ளைக்காரனை வென்றுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். (கட்டில் இல்லை, கல்லிலேதான் படுக்க வேண்டும், அது வேறு கதை.)

சரி, யூனியன்வில்லுக்கு வருவோம். ஆலைக்கும் ஹோட்டலுக்கும் முன்னால் இங்கே குடியேறியவர்கள் எப்படி வந்தார்கள் என்று வாசித்தபோதுதான் எனக்கு நித்திரை போனது. கார்ல்ரன் வீதியில் வில்லியம் பேர்சி என்ற பெயரில் ஒரு பாடசாலை இருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி எத்தனை தரம் போயிருப்பேன், ஆரென்று யோசித்ததில்லை.

பேர்சி என்பது அவருடைய சொந்தப் பெயரே இல்லை! 1744இல் ஜேர்மனியில் வலர்ஸ்ரைன் என்ற இடத்தில் பிறந்தவர், பிறந்த பெயர் யோஹான் அல்பிரெக்ட் உல்ரிக் மொல். எங்கட பாஷையில் சொன்னால் ஒரு ஏஜென்சிக்காரர். 1792இல் ஹம்பேர்க்கிலிருந்து ஏறக்குறைய இருநூறு பேரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கூட்டி வந்தார். ஜெனசீ பள்ளத்தாக்கில் காணி தருவதாக ஆங்கில முதலாளிமார் சொல்லியிருந்தார்கள். அங்கே போனதும் முதலாளிமாரின் ஆளோடு தகராறு. சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று. 1794இல் பேர்சி மேல் கனடாவின் ஆளுநர் சிம்கோவிடம் விண்ணப்பித்தார். மார்க்கத்தில் 64,000 ஏக்கர் தருவதாகப் பேச்சு. வென்டாட், மிசிசாகா மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுமார் அறுபது குடும்பங்கள் நயாகரா வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

காடு வெட்டினார்கள், யங் வீதியின் தொடக்க வேலையையும் செய்தார்கள். 1795, 96இல் சாப்பாடு இல்லாமல் சில குடும்பங்கள் விட்டுவிட்டுப் போயின. அதைவிடப் பெரிய இடி பிறகு வந்தது. தருவதாகச் சொன்ன காணியை அரசாங்கம் இல்லை என்றுவிட்டது. வந்தவர்கள் பிரித்தானியப் பிரசைகள் அல்லர் என்றபடியால் தாங்கள் வெட்டிய காணிக்கே உறுதி எடுக்க முடியாமல் இருந்தார்கள். கடதாசி இல்லை! இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பேர்சி கடைசிவரை வழக்காடினார். எங்கட ஏஜென்சிக்காரரைப் போல அல்லாமல் தன் சொந்தக் காசையும் இழந்து கடனாளியானார். பிறகு மொன்ரியலில் படம் கீறிப் பிழைத்தார். மோஹோக் தலைவர் ஜோசப் பிரான்ற்றை அவர் கீறிய ஓவியம் ஒட்டாவா தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1813இல் நியூயோர்க்கில் இறந்தார். அவர் கூட்டி வந்த எக்கார்ட், ஸ்ரைவர் குடும்பங்களின் பெயர்கள் இன்றும் யூனியன்வில்லில் வீடுகளிலும் ஆலையிலும் இருக்கின்றன.

ஹம்பேர்க், நியூயோர்க் மாநிலம், நயாகரா, ரொறன்ரோ. இந்தப் பாதையை எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அறிவார்கள்! 1986 ஆவணி 11இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் காணப்பட்ட 155 தமிழரும் ஜேர்மனியின் பிராக்க துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறினவர்கள். நான் கடலால் வரவில்லை. 1987இல் பிராங்பேர்ட், நியூயோர்க், பவலோ. அந்த மாசியில் சட்டம் மாறியிருந்தது. எல்லையில் ஒரு திகதியைத் தந்து, அதுவரை அமெரிக்கப் பக்கம் நில் என்று திருப்பி அனுப்பினார்கள். பவலோவில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இருபத்துநாலு நாள் படுத்தேன். மடக்குக் கட்டில், சாம்பல் நிறப் போர்வை. பக்கத்துக் கட்டிலில் எல்சல்வடோர்க்காரர் ஒருவர். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை இல்லை. காலையில் யார் முதலில் எழும்பினாலும் மற்றவருக்குக் கோப்பி எடுத்து வைப்போம்.

இதை நான் என் பிள்ளைகளுக்கே ஒழுங்காகச் சொன்னதில்லை. ஸ்ரைவர் ஆலைக்கு முன்னால் வாங்கில் இருந்து தம்பி மகளுக்குச் சொன்னேன்.

இந்தத் தெரு இவ்வளவு வடிவாக இருப்பது தற்செயல் அல்ல என்பதையும் எழுதிவிட வேண்டும். 1960களில் கென்னடி வீதி இதற்குள்ளாலேதான் போனது. அகலமாக்கினால் பழைய வீடுகள் போய்விடும் என்று ஊரார் எதிர்த்து நின்றார்கள். வீதி சுற்றிப் போடப்பட்டது. 1969இல் அவர்கள் தொடங்கிய யூனியன்வில் விழாவுக்குத்தான் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம்.

அன்றிரவு அவளுக்கு எங்கள் வீட்டு நிலவறையில்தான் படுக்கை. படியில் நின்று கேட்டாள்: "பெரியப்பா, பவலோவிலை நீங்கள் படுத்த இடம் இப்பவும் இருக்கோ?"

"தெரியாது பிள்ளை."

"போய்ப் பாப்பமே?"

இரண்டு மணித்தியால ஓட்டம்தான். பிரசாவுரிமை எடுத்து இத்தனை வருசத்தில் அந்தப் பாலத்தால் நான் திரும்பிப் போனதில்லை. மனைவியும் ஏனென்று கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் போனோம். தேவாலயம் அப்படியே நின்றது. நிலவறைக் கதவு பூட்டியிருந்தது. பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இப்போதும் கீழே ஆட்கள் தங்குகிறார்களாம், வேறு வேறு நாட்டுக்காரர். செவ்வாய்க்கிழமைகளில் சமைத்துக் கொடுக்க ஆள் போதாது, வசதியென்றால் வாருங்கள் என்றார்.