குனிந்து நுழையும் வீடு

சித்திரை வெயிலில் திருப்புலிவனத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலையில ஒரு குடிசை போட்டு வருஷம் பூரா இருந்துடலாமான்னு இந்த மாசத்தில் யாருக்கும் தோணும். அப்படி நிஜமாவே இருந்தவங்க யாருன்னு தேடினேன்.

ஊட்டின்னா கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் பேர்தான் முதலில் வரும். 1822-ல் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்னும் நிற்கிறது. அவராவது குடும்பத்தோடு தங்கினார். பின்னால் வந்த மெட்ராஸ் அரசாங்கம் கோடைக்கு மட்டும் மலையேறி, வெயில் தணிந்ததும் இறங்கியது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் மலை, சுமார் 2,240 மீட்டர். அதைக் காலங்காலமாகத் தாங்கியது தோடர் வீடு. மூங்கிலும் பிரம்பும் வளைத்து, புல் வேய்ந்த அரைப்பீப்பாய் வடிவம். வாசல் மூணு அடிகூட தேறாது, தவழ்ந்துதான் போகணும். ஜன்னல் கிடையாது. உள்ளே அடுப்பு, படுக்க ஒரு திண்ணை. சின்ன வாசல் குளிரையும் விடாது, காட்டு விலங்கையும் விடாது. புகை கண்ணைக் கரிக்கும், அது வேற கதை!

ஆனா அவங்களும் வருஷம் பூரா ஒரே மந்தில் இருந்ததில்லை. புல் காய்ந்தால் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஈரமான மேய்ச்சல் பக்கம் போவார்கள், மழைக்குத் திரும்புவார்கள். 1906-ல் வெளியான ரிவர்ஸின் தோடர் ஆய்வு நூலிலும் இது இருக்கு. மலையை விட்டு மட்டும் இறங்கவில்லை.

அந்தப் புல்வெளியில் பின்னால் தேயிலையும் தைலமரமும் சீகையும் வந்தன. மேயவும் புல் குறைந்தது, வேயவும் குறைந்தது. இன்று தோடர்களில் பெரும்பாலானவர்கள் இருப்பது சிமென்ட் வீட்டில். பழைய வடிவத்தை அவர்களுடைய கோயில்களில்தான் அதிகம் பார்க்கலாம்.