மணலும் விடியற்பொழுதும்: தென்னார்க்காட்டு மழலையர் வெளிக்கல்வி குறித்து ஒரு மறுவாசிப்பு

திண்ணைப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் இன்று பெரும்பாலும் தரம்பாலின் 'அழகிய மரம்' நூலிலிருந்தே தொடங்குகின்றன. 1983-இல் வெளிவந்த அந்நூல், ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டுத் திரட்டிய சென்னை மாகாணக் கலெக்டர் அறிக்கைகளை ஒருசேரப் பதிப்பித்தது. 12,498 பள்ளிகள் இருந்ததாக மன்றோவின் 1826 மார்ச் மாதக் குறிப்பு தரும் கணக்கும், செஞ்சியும் வல்லமும் அடங்கிய தென்னார்க்காட்டு மாவட்டத்தில் மாணவருள் 84 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சூத்திரரும் பிற சாதியாரும் என்ற செய்தியும் அந்நூலால்தான் பரவலாகத் தெரியவந்தன. அந்த எண்களோடு இக்கட்டுரைக்குப் பிணக்கு இல்லை. தரம்பால் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு கருத்தோடுதான் பிணக்கு. அக்கால இங்கிலாந்துப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்தியப் பள்ளிகளின் சூழல் இருளடையாமல், இயற்கையோடு ஒட்டியதாக இருந்தது என்கிறார் அவர். புகழ்ச்சியாகத் தோன்றும் இக்கூற்று, ஐந்து வயதுக் குழந்தை வீட்டுக்கு வெளியே மண்ணில் அமர்ந்து கற்றதை யாரும் திட்டமிடாமல் தானாக அமைந்த நிலையாக்கிவிடுகிறது. அது தானாக அமைந்ததன்று. பொருளும் வேளையும் படிநிலையும் வகுக்கப்பட்ட கற்பித்தல் முறை என்பதே இங்கு முன்வைக்கும் வாதம். சூழல் என்று கொண்டால் அதன் மறைவுக்கு யாரும் பொறுப்பில்லை. முறை என்று கொண்டால், அதை அகற்றி வேறொன்றை அதன் இடத்தில் வைத்தது யார் என்று கேட்டாக வேண்டும்.

தரம்பால் இம்முடிவுக்கு எந்தச் சான்றிலிருந்து வந்தார்? கலெக்டர்களின் கணக்கிலிருந்து வந்திருக்க முடியாது. மன்றோ கேட்டவை பள்ளிகளின் எண்ணிக்கை, பிள்ளைகளின் தொகையும் சாதியும், படிக்கும் நூல்கள், படிப்பு நீடிக்கும் காலம், கட்டணம், பொதுக்கொடை உண்டா என்பவை. பிள்ளைகள் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. வெளியிடத்தைப் பற்றித் தெளிவாகப் பேசும் சான்று, தரம்பால் தம் பின்னிணைப்பில் சேர்த்துள்ள பாதிரியார் பாவ்லினோ த பர்த்தலோமியோவின் குறிப்புதான். 1776 முதல் 1789 வரை மலையாளக் கரையில் வாழ்ந்த அவர், தென்னை நிழலில் வரிசையாக அமர்ந்த குழந்தைகள் வலக்கைச் சுட்டுவிரலால் மணலில் எழுதி, இடக்கையால் அழித்து, மீண்டும் எழுதியதை விவரிக்கிறார். அழகான சித்திரம்தான். ஆனால் அது தென்னந்தோப்பும் கடற்கரை மணலும் உள்ள நாட்டின் சித்திரம். பாறைக்குன்றுகளும் ஏரிப்பாசனமும் புழுதி வெயிலும் கொண்ட செஞ்சிச் சீமைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. மரநிழல் ஊருக்கு ஊர் மாறும். மாறாதது, விரலால் எழுதி அழித்து மறுபடி எழுதும் ஒழுங்கு. தரம்பால் முன்னதைக் கண்டு மகிழ்ந்தார். பின்னதை உரிய அளவு எடைபோடவில்லை.

பல்லாரிக் கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கை இங்கே நுணுகிப் படிக்க வேண்டிய ஆவணம். தரம்பால் அதை வறுமையால் பள்ளிகள் நலிந்தன என்ற வாதத்துக்கே மிகுதியும் பயன்படுத்துகிறார். ஆனால் பயிற்று முறையைப் பற்றி அது சொல்வது அதைவிடக் குறைந்ததன்று. ஐந்து வயதில் பிள்ளையார் உருவத்தின் எதிரே குழந்தையை அமர்த்தி, ஆசிரியர் அதன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறார். மறுநாள் முதல் பள்ளி. அங்கே எழுத்துகளை முதலில் உச்சரிக்கப் பழகுவதில்லை. தரையில் பரப்பிய மணலில் விரலால் வரைந்தே அறிகிறது குழந்தை. விரல் தேர்ந்த பிறகுதான் எழுத்தாணியும் ஓலையும், அல்லது நாணற்கோலும் தாளும் கைக்கு வருகின்றன. அரிசி, மணல், ஓலை என்ற இவ்வரிசை தற்செயலாக அமையாது. இளகிய பரப்பில் பிழை அழியும். கை உரம்பெற்ற பின்பே அழியாத பரப்பு. அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு: சோம்பேறி மாணவரைக் கைகளைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். கூரை இருந்திருக்கிறது என்பதற்குக் கேம்பெல் தரும் இச்சான்று கொடியது, ஆனால் தெளிவானது. மணலும் கூரையும் ஒரே பள்ளியில் இருந்தன என்றால், நாம் பேசுவது தோப்பும் அன்று, நான்கு சுவருக்குள் அடைத்த அறையும் அன்று. தெருவை நோக்கித் திறந்த, மேலே நிழல் உள்ள, கீழே மணல் பரப்பிய ஓர் இடைவெளி அது. அந்தத் தண்டனையைச் சேர்த்துப் பார்க்கும் எவரும் அப்பள்ளியைக் குழந்தைகளின் இயற்கைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டார்கள்.

பல்லாரிச் சான்றைத் தென்னார்க்காட்டுக்குப் பொருத்தலாமா என்பது நியாயமான ஆட்சேபம். நேரடிச் சான்று மெலிந்த இடம் இது. ஆகவே வாதத்தை இங்கேதான் இறுக்கிக் கட்ட வேண்டும். கேம்பெல்லின் பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படுகிறது; பிந்தி வருவோருக்கு வரவர அடி கூடுகிறது. இதே ஒழுங்கைத் தமிழ்ப் பகுதியில் அடுத்த தலைமுறையில் காண்கிறோம். 1855-இல் பிறந்த உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் தம் இளமைக்காலப் பள்ளியைப் பற்றி எழுதும்போது, விடியுமுன் பிள்ளைகள் வந்ததையும், முதலில் வந்தவனுக்கு 'வேத்தான்' என்ற பெயர் இருந்ததையும், வாய்க்காலுக்குப் போய்த் திரும்பும்போது மணல் கொண்டுவந்து பள்ளியில் பரப்பியதையும் பதிவு செய்கிறார். துங்கபத்திரைப் பக்கத்துக்கும் காவிரிப் பக்கத்துக்கும் பொதுவான வழக்கம் இடைப்பட்ட தென்னார்க்காட்டை மட்டும் தாண்டிப்போயிற்று என்று சொல்பவரே அதற்குக் காரணம் காட்ட வேண்டும். இன்னும் பின்னே போனால், 1623-இல் இக்கேரிப் பயணத்தில் பியெத்ரோ தெல்லா வல்லே ஒரு கோயில் முகப்பில் கண்ட சிறுவர்களும் தரையில் நுண்மணல் பரப்பிப் பாடிக்கொண்டே கணக்கு எழுதினார்கள். இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்த ஒன்றை ஏழைமையின் விளைவு என்று மட்டும் விளக்க முடியாது. சாமிநாதையரின் குறிப்பில் மணல் கொண்டுவருவதே நாளின் முதற்பாடமாகிவிடுகிறது: நீர்நிலைக்கு நடை, உடல் தூய்மை, கூட்டு வேலை, பிறகு எழுத்து. இன்றைய மழலையர் கல்வி நூல்கள் வெளிப்புறச் செயல்பாடு என்று தனியே வகுப்பது அன்று பள்ளி நாளின் ஒழுங்கிலேயே இருந்தது.

பருவம் பற்றிய கேள்வி இதைவிடச் சிக்கலானது. ஐரோப்பிய மழலையர் பள்ளிகள் குளிர்காலம் முடிந்து வசந்தத்தில் குழந்தைகளைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்கின்றன. பிரெடரிக் பிரபெல் 1840-இல் தம் பள்ளிக்குச் சூட்டிய பெயரே குழந்தைகளின் தோட்டம். நம் இளவேனில் சித்திரையும் வைகாசியும். செஞ்சிப் பாறைகள் அனலடிக்கும் காலம், இன்றைய பள்ளிகளுக்கு விடுமுறை. இங்கே திறந்தவெளிக்கு ஏற்றது ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பின், தை முதல் பங்குனி வரை. விசயதசமியில் ஏடு தொடங்கும் வழக்கத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், மணலில் எழுதும் தொடக்க மாதங்கள் அடைமழையைக் கடந்து அந்த நல்ல பருவத்துக்குள் நீண்டன என்று கொள்ளத் தோன்றுகிறது. ஆயினும் கேம்பெல் வயதைத்தான் சொல்கிறார், மாதத்தைச் சொல்லவில்லை. எனவே இதை முடிந்த முடிபாக வைக்க இயலாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: வெப்பத்தை அன்றைய ஆசிரியர்கள் மாதத்தால் மட்டுமல்ல, வேளையாலும் எதிர்கொண்டார்கள். விடியற்பள்ளி ஒழுக்கப் பயிற்சி மட்டுமன்று; வெயிலேறுமுன் குழந்தையை வெளியில் வைத்திருக்கும் ஏற்பாடும் ஆகும்.

இதற்கு மேலும் தொன்மை தேட விழைவோர் செஞ்சி வட்டாரச் சமணக் குன்றுகளைச் சுட்டலாம். திருநாதர்குன்றுப் பாறையில், 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை பொறிக்கப்பட்டுள்ளது. 'ஐ' என்ற எழுத்தின் பழைய வடிவத்துக்காகப் புகழ்பெற்ற அக்கல்வெட்டின் காலத்தில் கல்வெட்டறிஞர் ஒருமைப்படவில்லை. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது என்று பலர் கொள்வர். திறந்த பாறையும் ஆசிரியர் என்ற பட்டமும் ஒருங்கே இருப்பதால் அதைத் திறந்தவெளிப் பள்ளிக்குச் சான்றாக்கத் தோன்றும். அது துறவியின் நினைவுப் பொறிப்பு. குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அதை இவ்வரலாற்றின் தொடக்கமாக வைப்பது, தென்னை நிழலைத் தென்னார்க்காட்டுக்குக் கொண்டுவருவதைப் போன்ற பிழையே ஆகும்.

இனி மறைவின் காரணம். அரசின் வரிக்கொள்கை ஊர்ப்பொதுவின் வருவாயை உறிஞ்சியதால் பள்ளிகள் பட்டுப்போயின என்பது தரம்பாலின் விளக்கம். அதில் உண்மை உண்டு. கேம்பெல்லும் அதற்குச் சாட்சி. ஆனால் நூலின் தலைப்பைத் தரம்பால் எடுத்தது, காந்தி 1931 அக்டோபர் 20-இல் இலண்டன் சாத்தம் ஹவுசில் ஆற்றிய உரையிலிருந்து. அவ்வுரையில் காந்தி வரியைக் காட்டிலும் அழுத்திச் சொன்னது வேறொன்று: ஒவ்வொரு பள்ளிக்கும் இன்ன கட்டடம், இன்ன தளவாடம் வேண்டும் என்று ஆட்சியாளர் விதித்ததை. தலைப்பை எடுத்துக்கொண்ட ஆசிரியர் இந்தக் குறிப்பைப் பின்தொடரவில்லை. 1854 கல்வி அறிக்கைக்குப் பின் மானியம் வந்தது. மானியத்தோடு ஆய்வாளரும் தேர்வும் பதிவேடும் வந்தன. சிலேட்டு மணலின் இடத்தைப் பிடித்தது. அலுவலகக் கடிகாரம் விடியலின் இடத்தைப் பிடித்தது. பணம் வற்றியதால் மட்டும் பழைய முறை போகவில்லை. பணம் வந்த விதத்தாலும் போயிற்று. இதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, எழும்பூர் ஆண் அநாதையர் விடுதியில் 1789 முதல் பணியாற்றிய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் நூலாக்கி இங்கிலாந்தில் பரப்பினார். இயற்கையாய் அமைந்த சூழலைக் கப்பலேற்ற முடியாது. முறையைத்தான் ஏற்ற முடியும். தரம்பாலுக்கு எதிரான ஆக வலுவான சான்று இதுவென்று கருதலாம்.

இம்முறையைப் போற்றுவது அப்பள்ளியை முழுதும் போற்றுவதாகாது. திண்ணை ஒரு வீட்டைச் சேர்ந்தது. அதில் யார் ஏறலாம் என்பதை அவ்வீட்டின் சாதி தீர்மானித்தது. பிற சாதியார் என்ற கலெக்டரின் கட்டத்துக்குள் சேரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தென்னார்க்காட்டு எண்கள் காட்டுவதில்லை. பெண்குழந்தைகளோ மிகச் சிலரே. இந்த வேலியை உடைத்தது மரபன்று, பிற்காலப் பொதுப்பள்ளியும் பால்வாடியும்தான். 1939 நவம்பரில் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்கால ஆண்டுகளில் கொடைக்கானலில் செடிகொடிகளோடு குழந்தைகளைப் பழக்கியபோது வெளிக்கல்வி புதிய கோட்பாடாகத் திரும்பியது. ஆனால் அது சிலருக்கே எட்டியது. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளும், 1982-இன் சத்துணவும்தான் வல்லத்தைப் போன்ற ஊர்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஓர் இடத்தை உண்டாக்கின. 2019 சனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது அந்த இடம் பள்ளி வளாகத்தோடு இணைந்தது. இணைப்பு நல்லது. ஆனால் வகுப்பறை வளாகத்தை விழுங்கிவிடக் கூடாது. வரலாறு இங்கே பாடத்திட்டத்துக்கு உதவும்: இறக்குமதியான வசந்தகாலப் பாடங்களை ஏப்ரல் வெயிலில் திணிக்காமல், தை முதல் பங்குனி வரை, காலை வேளையில், மணலும் புங்கைத் தளிரும் வேப்பம்பூவும் கைக்கெட்டும் முற்றத்தில் மழலையர் கல்வியை அமைக்கலாம். அதை மரபின் மீட்பு என்று கொண்டாடத் தேவையில்லை. இம்மண்ணில் ஒருகாலத்தில் சோதித்துத் தேர்ந்த முறை ஒன்று, இம்முறை எல்லாக் குழந்தைகளுக்குமாக, மீண்டும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதே கோரிக்கை.