வழுவும் வணிகமும்

காணொளி விளையாட்டுகள் வழுக்களுடன் வெளிவருவதற்கு நிரலாளரின் கவனக்குறைவே காரணம் எனக் கருதுவோர் பலர். வரலாறு வேறு விடையைத் தருகின்றது. 1982இல் அட்டாரி நிறுவனம் 'ஈ.ரி.' என்னும் விளையாட்டை, நத்தார்ச் சந்தையைத் தவறவிடாதிருக்க, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் ஆக்குவித்தது. கதைநாயகன் மீண்டும் மீண்டும் குழிகளில் விழுவதாகக் குறைகள் எழுந்தன. சில்லிற் பதிந்த நிரலைத் திருத்த வழியில்லை. பின்னர் இணையவழித் திருத்தம் தோன்றிற்று. வழுக்களையும் அவ்வசதியே வழுவோடு வெளியிடும் துணிவையும் அளித்தது. மும்முறை பின்போடப்பட்ட 'சைபர்பங்க் 2077', 2020 டிசெம்பர் 10இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் தன் இணையக்கடையிலிருந்து அதனை நீக்கியது.

தொழில்நுட்பம் மாறியபோதும் வெளியீட்டு நாளைச் சந்தையே குறிக்கும் நிலை மாறவில்லை. சோதனைச் சுமையின் ஒரு பகுதி மட்டும் பணங்கொடுத்து வாங்குவோரிடம் சென்று சேர்ந்துள்ளது.